ஈரத்தை வெளியே நிறுத்துங்கள்: டர்பனில் பழைய காருக்கு வீட்டிலேயே பெயின்ட் அடிப்பது

டர்பன் பக்கம் வீட்டில் பெயின்ட் அடித்த கார் ஒரு வருடத்துக்குள் கொப்புளம் போட்டால், பெரும்பாலும் பெயின்ட் டின்னைக் குறை சொல்ல முடியாது. அடியில் எங்கோ தண்ணீர் மாட்டிக்கொண்டிருக்கிறது. பட்டிக்குள் இருக்கலாம், பிரைமருக்குள் இருக்கலாம், கம்ப்ரசர் குழாய் வழியாக வந்திருக்கலாம், துருக் குழியில் தங்கிய கடல் உப்பு இழுத்திருக்கலாம், அடித்த நேரத்துக் காற்றிலேயே இருந்திருக்கலாம். ஜோஹன்னஸ்பர்க் போன்ற உலர்ந்த மேட்டு நிலத்தில் சரியாக வரும் முறை டர்பனைச் சேர்ந்த சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இசிபிங்கோவிலும் அப்படியே வராது. கீழே உள்ள ஒவ்வொரு வேலையையும் ஈரம் எங்கே புகும் என்பதை வைத்தே வரிசைப்படுத்தியிருக்கிறோம்.

எடுத்துக்காட்டுக்கு வெள்ளை நிறச் சிறிய கார் ஒன்றை வைத்துக்கொள்வோம். டொயோட்டா டாஸ், சிட்டி கோல்ஃப், பழைய கொரோலா போன்ற ஒன்று. பின்னால் திறந்த தொட்டி உள்ள பக்கி வண்டி என்றாலும் முறை இதுதான், பின் தொட்டிக்குக் கூடுதல் பெயின்ட் வேண்டும்.

எப்போது தொடங்குவது

ஜூன், ஜூலை, ஆகஸ்ட். இந்த மூன்று மாதமும் டர்பனில் மழை குறைவு, காற்றில் ஈரமும் குறைவு. தீபாவளிக்குக் கார் புதிதாக நிற்க வேண்டும் என்று செப்டம்பர் கடைசியில் தொடங்குபவர்கள் நேராக மழைக்காலத்துக்குள் போய் விழுகிறார்கள். புரட்டாசி பிறப்பதற்குள் பாலிஷ் வரை முடியும்படி கணக்கிடுங்கள். சனி, ஞாயிறு மட்டும் வேலை செய்தால் தேய்ப்பதும் பட்டி பார்ப்பதுமே நான்கைந்து வாரம் எடுக்கும்.

கணக்கு இப்படி வருகிறது. காற்று 25 டிகிரி, ஈரப்பதம் 80% என்றால், ஏறக்குறைய 21 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் பனி படியும். தின்னர் ஆவியாகும்போது தகட்டின் மேற்பரப்பைச் சில டிகிரி குளிரவைக்கும். அந்தச் சில டிகிரி போதும், ஈரப் பெயின்டின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீர் இறங்கிப் பால் போல் வெளுத்துவிடும். அதுவே 22 டிகிரி, 50% என்றால் பனி படிய 11 டிகிரி வரை குளிர வேண்டும்; அவ்வளவு தூரம் அது போகாது. ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்றை வாங்கி கராஜில் மாட்டுங்கள். 65 சதவீதத்துக்கு மேல் காட்டினால் அன்று தேய்க்கும் வேலையைச் செய்யுங்கள், ஸ்ப்ரே கன்னைத் தொட வேண்டாம்.

குளிர்காலத்திலும் நாள் முழுவதும் அடிக்க முடியாது. காலையில் தகடு இரவுக் குளிரில் இருக்கும், பனி ஒட்டியிருக்கும். ஜூனில் மாலை 5 மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். காலை 10 மணிக்குத் தொடங்கி 2 மணிக்குள் கடைசிக் கோட் பெயின்டை அடித்து முடிப்பது பாதுகாப்பு. உள்நாட்டிலிருந்து சூடாக வீசும் மலைக்காற்று நாட்களில் ஈரம் குறைவாக இருக்கும், ஆனால் மண் பறக்கும். கதவு சரியாக மூடும் கராஜ் இருந்தால் மட்டும் அந்த நாளைப் பயன்படுத்துங்கள்.

டொங்காட், வெருலம் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. கரும்பு வெட்டும் பருவமும் இதே மாதங்களில்தான். தோட்டம் கொளுத்தினால் கறுப்புச் சாம்பல் கிலோமீட்டர் கணக்கில் பறந்து வந்து இறங்கும். வானத்தில் புகை தெரிந்தால் கதவைத் திறந்து வைத்து அடிக்காதீர்கள்.

எந்தக் கார் இதற்குத் தகும்

முதலில் ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் காரைச் சுற்றி வாருங்கள். சக்கர வளைவு, கதவின் கீழ் ஓரம், பூட் (பின் டிக்கி) ஓரம். எங்கே ஒட்டாமல் நழுவுகிறதோ அங்கே பழைய பட்டி கனமாக இருக்கிறது. அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்காமல் மேலே பெயின்ட் அடிக்கக் கூடாது. சிட்டி கோல்ஃப் என்றால் விண்ட்ஸ்கிரீன் ரப்பரின் உதட்டைத் தூக்கிப் பாருங்கள்; ரப்பருக்கு அடியில் தேங்கும் தண்ணீர் அங்கேதான் தகட்டைத் தின்னும்.

ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தினால் உள்ளே போகும் துரு வீட்டு வேலை இல்லை. வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் வைக்க வேண்டும், பேனல் பீட்டரிடம் கொடுங்கள். அதிலும் கீழ்ச் சட்டத்திலோ சஸ்பென்ஷன் பிடிக்கும் இடத்திலோ ஓட்டை என்றால் அது உயிர் விஷயம். வண்டியை விற்கும்போது சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் ரோட்வர்த்தி சோதனையிலும் அது நிற்காது.

அடுத்தது பழைய பெயின்ட் என்ன வகை என்பது. பூட் உள்ளே மறைவான இடத்தில் தின்னர் நனைத்த வெள்ளைத் துணியை அரை நிமிடம் வைத்துத் தேயுங்கள். ஒன்றும் ஆகவில்லையென்றால் அது தொழிற்சாலையில் சூளையில் வேகவைத்த பெயின்ட் அல்லது நன்றாக இறுகிய டூ-கே (ஹார்டனர் கலந்து இறுகவைக்கும் பெயின்ட்). மேலே எதையும் அடிக்கலாம். துணியில் நிறம் இறங்கினால் தின்னரில் கரையும் லாக்கர். தோல் சுருங்கி எழும்பினால் யாரோ எனாமல் அடித்திருக்கிறார்கள். அதன் மேல் லாக்கர் தின்னர் பட்டால் முழுப் பரப்பும் சுருங்கும். அந்த எனாமலைத் தகடு வரை எடுக்காமல் தொடர வழியில்லை. இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாததால் வீணாகும் பெயின்டும் உழைப்பும் கொஞ்சமில்லை.

எந்தப் பெயின்ட்: நுரையீரலைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

இன்றைக்குக் கடைகளில் சிறந்ததாகக் காட்டப்படுவது ஹார்டனர் கலக்கும் டூ-கே. உறுதியிலும் பளபளப்பிலும் அதுதான் மேல், சந்தேகமில்லை. ஆனால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்ப்ரே பண்ணும்போது அதை மூச்சில் இழுத்தால் நிரந்தரமான ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடம்பு அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே மூச்சை அடைக்கும். அதற்கு வாசனை இல்லை என்பதால், மாஸ்க்கின் கார்ட்ரிட்ஜ் தீர்ந்துபோனாலும் உங்களுக்குத் தெரியாது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியாக முகமூடிக்குள் கொடுக்கும் கருவி வேண்டும். அது இல்லாமல், பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னல் மூன்று மீட்டர் தள்ளி இருக்கும் கராஜில் டூ-கே அடிப்பதை நாங்கள் யாருக்கும் சொல்ல மாட்டோம்.

ஆகவே முதல் முறைக்கு இரண்டு வழிகள். ஒன்று: தேய்த்தல், பட்டி, பிரைமர் எல்லாம் வீட்டில் முடித்து, கடைசிப் பெயின்டை மட்டும் ஸ்ப்ரே பூத் இருக்கும் இடத்தில் டூ-கேயாக அடித்து வாங்குவது. கூலியில் பெரும்பகுதி தயாரிப்பு வேலைக்குத்தான் போகிறது, அதனால் மிச்சம் நன்றாகவே இருக்கும். தினமும் ஓடும் காருக்கு இதுவே எங்கள் பரிந்துரை. இரண்டு: முழுவதும் வீட்டில் என்றால் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) டியூக்கோ லாக்கர். ஹார்டனர் இல்லை, பிசகினால் தேய்த்துவிட்டு மறுபடி அடிக்கலாம், அரை மணியில் தூசி ஒட்டாத அளவு காயும். குறைகளும் உண்டு. பெட்ரோல் சிந்தினால் கறை விழும், டர்பன் வெயிலில் சீக்கிரம் மங்கும், வருடம் இருமுறையாவது பாலிஷ் கேட்கும். ஈரக் காற்றில் வெளுப்பதும் இந்த வகைதான் அதிகம். கீழே சொல்வது இந்த இரண்டாவது வழி. பிரைமர் வரைக்கும் உள்ளது இரண்டுக்கும் பொது.

நிறத்தை மாற்றாதீர்கள். மாற்றினால் கதவு இடுக்கு, பூட் உட்புறம், எஞ்சின் அறை எல்லாம் சேர்த்து அடிக்க வேண்டும், வேலை இரட்டிப்பாகும். வண்டிப் பதிவில் உள்ள நிறத்தையும் லைசன்ஸ் அலுவலகத்தில் மாற்ற வேண்டும், இன்சூரன்ஸுக்கும் சொல்ல வேண்டும். வெள்ளை போன்ற தனி நிறம் முதல் கைக்கு ஏற்றது. மெட்டாலிக் வேண்டாம், கை வேகம் கொஞ்சம் மாறினாலும் பட்டை பட்டையாகத் தெரியும், மேலே கிளியர் கோட்டும் வேண்டும்.

நிறத்தின் குறியீட்டு எண் காரிலேயே இருக்கிறது. டொயோட்டாவில் கதவுத் தூணிலோ எஞ்சின் அறைச் சுவரிலோ உள்ள தகட்டில் பாருங்கள். வெள்ளைக்கு 040 போன்ற எண் இருக்கும். ஃபோக்ஸ்வாகனில் பூட் உள்ளே, ஸ்பேர் வீல் பக்கம் ஒட்டிய தாளில் இருக்கும். அந்த எண்ணைக் கொடுத்தாலும், வெயிலில் வெளுத்த பழைய நிறத்தோடு அது அப்படியே சேராது. முழுக் காரையும் அடிக்கும்போது அது பிரச்சினை இல்லை.

வாங்க வேண்டியவை

சிறிய காருக்கு என்.சி. டியூக்கோ 5 லிட்டர். அதற்கு நல்ல தரமான லாக்கர் தின்னர் 10 லிட்டர். பாதி கலக்க, மீதி கன் கழுவ. மலிவான கன் கழுவும் தின்னரைப் பெயின்டில் கலக்காதீர்கள், அதுவே வெளுப்புக்கு முதல் காரணம். மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னர் அரை லிட்டர் தனியாக வாங்கி வையுங்கள். எபாக்ஸி பிரைமர் 1 லிட்டரும் அதன் ஹார்டனரும். வாங்கும்போதே அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இல்லை என்று டின்னில் பார்த்து உறுதி செய்யுங்கள். ஹார்டனர் வேண்டாத ஒன்-கே பிரைமர் சர்ஃபேசர் 2 லிட்டர், பட்டி 1 கிலோ, மெழுகும் கிரீஸும் எடுக்கும் கிளீனர் 2 லிட்டர். உப்புத்தாள் 80, 120, 180, 240, 400, 800, 1500, 2000 நம்பர்களில். மாஸ்கிங் டேப் நல்லதாக ஆறு உருளை. மலிவான டேப் வெயிலில் பசையை விட்டுவிட்டு வரும்.

மாஸ்க் ஏ2பி3 வகைக் கார்ட்ரிட்ஜ் உள்ளது. மூக்கை மூடும் வெள்ளைத் துணி மாஸ்க் தின்னர் ஆவியைத் தடுக்காது.

கம்ப்ரசரில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வீட்டுக்கு வாங்கும் 2 குதிரைத்திறன், 50 லிட்டர் கம்ப்ரசர் உண்மையில் கொடுக்கும் காற்று நிமிடத்துக்கு 130 முதல் 170 லிட்டர் வரை. பெரிய காற்று கேட்கும் கன்னை மாட்டினால் அரைக் கதவு முடிவதற்குள் அழுத்தம் இறங்கிப் பெயின்ட் துப்ப ஆரம்பிக்கும். குறைந்த காற்றில் ஓடும் கன் கேட்டு வாங்குங்கள்: பெயின்டுக்கு 1.3 அல்லது 1.4 மிமீ முனை, பிரைமருக்கு 1.7 மிமீ முனை.

கம்ப்ரசர் காற்றை அழுத்தும்போது அதிலுள்ள ஈரமும் சேர்ந்து வருகிறது. தொட்டியை விட்டு வெளியேறும் காற்று சூடாக இருக்கும், அதில் தண்ணீர் ஆவியாகவே போகும். அதனால் ஈரம் பிடிக்கும் டிராப்பைக் கம்ப்ரசர் மேலேயே மாட்டினால் பாதி தண்ணீர் தப்பித்துவிடும். 10 மீட்டர் குழாயில் காற்று ஓடிக் குளிர்ந்த பிறகு, கன் பக்கத்தில் டிராப்பை வையுங்கள். கன்னுக்கு ஒரு மீட்டர் முன்னால் இருந்தால் சரி. ஒவ்வொரு கோட் பெயின்டுக்கும் இடையில் தொட்டியின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். பிப்ரவரியில் திறந்து பார்த்தால் எவ்வளவு வருகிறது என்பதே போதும், இந்த வேலையை ஏன் ஜூனுக்குத் தள்ளச் சொல்கிறோம் என்று புரிய.

மின்சாரம் நிற்கும் அறிவிப்பு உங்கள் பகுதிக்கு இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். எக்ஸ்டென்ஷன் வயரை முழுதாகப் பிரித்துப் போடுங்கள். சுருட்டியபடி ஓட்டினால் வயர் சூடாகும்.

கழுவுவதும் கழற்றுவதும்

பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரால் முழுக் காரையும் கழுவி, சக்கர வளைவுக்குள்ளும் கதவு இடுக்கிலும் தண்ணீரைப் பீய்ச்சி உப்பை எடுங்கள். பிறகு கிளீனர்: ஒரு துணியில் நனைத்துத் துடைத்து, அது காயும் முன் இன்னொரு சுத்தமான துணியால் எடுக்க வேண்டும். தானாகக் காய விட்டால் மெழுகு கரைந்து மறுபடி அங்கேயே படியும். இதை உப்புத்தாள் தொடுவதற்கு முன் செய்வது மிக முக்கியம். டயர் பளபளப்பு, டேஷ்போர்டு பாலிஷ் போன்றவற்றிலிருந்து வரும் சிலிக்கோனைத் துடைக்காமல் தேய்த்தால் கீறல்களுக்குள் புதைந்துவிடும், பிறகு எடுப்பது கடினம்.

விளக்கு, கைப்பிடி, கண்ணாடி, எழுத்து, கதவு ரப்பர் எதைக் கழற்ற முடியுமோ கழற்றுங்கள். டேப் ஓரத்தில் பெயின்ட் ஒரு விளிம்பாக நிற்கும். அந்த விளிம்பில்தான் முதலில் தண்ணீர் புகுந்து உரிய ஆரம்பிக்கும். ரப்பரில் பிடித்த விண்ட்ஸ்கிரீன் என்றால், ரப்பரின் உதட்டுக்கு அடியில் மூன்று நான்கு மிமீ தடிப்புள்ள கயிற்றைச் சுற்றிலும் செருகுங்கள். உதடு தூக்கி நிற்கும், பெயின்ட் அடியில் போகும், பிறகு கயிற்றை உருவிவிடலாம்.

கறுப்பு பிளாஸ்டிக் பம்பரைக் கறுப்பாகவே விடுங்கள். லாக்கர் விறைப்பானது, வளையும் பிளாஸ்டிக்கில் வெடித்துவிடும்.

துருவும் பட்டியும்

இந்தப் பகுதியில் அவசரப்பட்டால் மேலே செய்யும் எதுவும் காப்பாற்றாது.

துருவைச் சுற்றி இரண்டு விரல் அகலம் நல்ல பெயின்டையும் சேர்த்து 80 நம்பரால் வெள்ளைத் தகடு தெரியும் வரை எடுங்கள். குழிகளில் கறுப்புப் புள்ளிகள் தங்கும். கடற்கரைப் பக்கத்துக் காரில் அவற்றுக்குள் உப்பு இருக்கிறது. உப்பு ஈரத்தை இழுக்கும். பெயின்ட் படலம் வழியாகவே நீராவியை உறிஞ்சிக் கொப்புளம் கட்டும். எனவே கம்பி பிரஷ்ஷால் குழியைக் கிளறி, சுத்தமான நல்ல தண்ணீரால் தேய்த்துக் கழுவி, துடைத்து, மறுபடி கழுவுங்கள். பிறகு ஹீட் கன்னாலோ ஹேர் டிரையராலோ தகடு கைபொறுக்கும் சூடு வரும் வரை உலர்த்துங்கள். மிஞ்சிய புள்ளிகளுக்குப் பாஸ்பரிக் அமிலம் உள்ள துரு நீக்கியைத் தடவி, டின்னில் சொன்ன நேரம் விட்டு, கழுவி, உலர்த்துங்கள். அமிலம் மிச்சம் இருந்தால் எபாக்ஸி பிடிக்காது.

வெறுந்தகட்டை இரவு விடாதீர்கள். டர்பனில் சில மணி நேரத்திலேயே மஞ்சளாகப் புதுத் துரு படியும். காலையில் திறந்த இடத்துக்கு அன்றைக்கே எபாக்ஸி பிரைமர். ஒரு நாளில் எவ்வளவு மூட முடியுமோ அவ்வளவு மட்டும் திறங்கள்.

பட்டியை எபாக்ஸியின் மேல் வைப்பது இந்த ஊருக்கு ஏற்றது. எபாக்ஸி காய்ந்ததும் 180 நம்பரால் உரசிவிட்டுப் பட்டி. சாதாரணப் பட்டியில் நிறைய டால்க் பொடி இருப்பதால் தண்ணீரை நன்றாக உறிஞ்சும். தகட்டுக்கும் அதற்கும் நடுவில் ஈரம் தடுக்கும் ஒரு படலம் இருப்பது அதனால் அவசியம். எட்ச் பிரைமர் மேல் மட்டும் பட்டி வைக்காதீர்கள், அதன் அமிலம் பட்டியை இறுக விடாது.

கலவை: 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் ஹார்டனர். சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள், கண் அளவு வேண்டாம். சீக்கிரம் காய வேண்டும் என்று கூடுதலாகப் போட்டால், மிஞ்சிய பெராக்சைடு வெள்ளைப் பெயின்டில் பழுப்புக் கறையாக மேலே வரும், அதுவும் சில வாரம் கழித்து. நிறம் ஒரே சீராகும் வரை தனித் தகடு ஒன்றில் வழித்துக் கலக்குங்கள். அடித்துக் கலக்கினால் காற்றுக் குமிழ் சேரும். 25 டிகிரியில் ஐந்து நிமிடம் கையில் இருக்கும். ஒரு தடவைக்கு 3 மிமீக்கு மேல் வைக்காதீர்கள். அதற்கு மேல் ஆழம் வேண்டுமென்றால் தகட்டைப் பின்னாலிருந்து தட்டி எடுக்க வேண்டும்.

மீந்த பட்டி டப்பாவில் இறுகும்போது நன்றாகச் சூடாகும். தின்னர் துணிகள் கிடக்கும் குப்பையில் போடாதீர்கள்.

தேய்ப்பது 80, பிறகு 120, 180, 240, எல்லாம் நீளமான கட்டையில் சுற்றி. விரலால் அழுத்தித் தேய்த்தால் பள்ளம் விழும். பட்டியைத் தண்ணீர் போட்டுத் தேய்க்கவே கூடாது. பழைய ஆட்கள் பலர் வாட்டர் பேப்பர்தான் போடுவார்கள்; தூசி பறக்காது, வழவழப்பாகத் தெரியும். ஆனால் அந்தத் தண்ணீர் பட்டிக்குள் இறங்கி, அடுத்த கோடையில் வெயில் ஏறும்போது கொப்புளமாக வெளியே வரும். தூசி மாஸ்க் போட்டுக்கொண்டு உலர்வாகவே தேயுங்கள்.

பழுது இல்லாத மற்றப் பரப்பை 400 நம்பரால் பளபளப்பு முழுவதும் போகும் வரை தேய்த்தால் போதும். எங்கே பளபளக்கிறதோ அங்கே புதுப் பெயின்ட் பிடிக்காது. ஓரங்களையும் கதவு இடுக்கையும் சாம்பல் நிற ஸ்காட்ச் பிரைட் நாரால் உரசுங்கள்.

பிரைமர்

பட்டி வைத்த இடங்களை எபாக்ஸியால் மூடி, அது காய்ந்து உரசியதும் சர்ஃபேசர் இரண்டு அல்லது மூன்று கோட், நடுவில் 15 நிமிடம். ஒன்-கே பிரைமர் துளை நிறைந்தது. பிரைமர் அடித்த காரை வெளியில் விட்டு இரவுப் பனி பட்டாலும், அப்படியே வேலைக்கு ஓட்டிப்போய் மழையில் நனைந்தாலும், தண்ணீர் தகடு வரை போய்விடும். சாம்பல் நிறப் பிரைமரோடு மாதக்கணக்கில் ஓடும் கார்களின் அடியில் என்ன நடக்கிறது என்பது பிறகு பெயின்ட் அடிக்கும்போதுதான் தெரியும்.

ஒரு ராத்திரி காய்ந்ததும், மேலே கறுப்பு ஸ்ப்ரே கேனால் தூரத்திலிருந்து மெல்லிய தூவல் போடுங்கள். 400 நம்பரைக் கட்டையில் சுற்றித் தேய்க்கும்போது கறுப்பு மிஞ்சும் இடம் பள்ளம். கறுப்பு முழுவதும் போகுமுன் தகடு தெரிந்தால் மேடு. கறுப்பு முழுவதும் போனால் பரப்பு சமம். இந்த வேலை அலுப்புத் தரும், ஆனால் வெள்ளையில் மறைந்தாலும் பாலிஷ் போட்டபின் வெயிலில் ஒவ்வொரு அலையும் தெரியும். சர்ஃபேசரையும் உலர்வாகவே தேய்த்து, கடைசியில் 800 நம்பரால் மெல்ல உரசி முடியுங்கள்.

அடிக்கும் நாள்

தூசி அடங்க கராஜ் தரையை நனைக்கச் சொல்வார்கள். லாக்கருக்கும் இந்த ஊர் ஈரத்துக்கும் அது பொருந்தாது. முதல் நாள் மாலை தரையையும் சுவரையும் கழுவிவிட்டுக் காய விடுங்கள். அடிக்கும்போது தரை உலர்ந்திருக்கட்டும்.

மூடுவதற்குச் செய்தித்தாள் வேண்டாம், மை தின்னரில் கரைந்து இறங்கும். மாஸ்கிங் பேப்பர் வாங்குங்கள்.

நெருப்பு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். என்.சி. என்பது நைட்ரோசெல்லுலோஸ், ஆவி மட்டுமில்லை, காய்ந்து தரையில் விழும் வெள்ளைத் தூசியே பற்றி எரியும். கராஜில் ஃபிரிட்ஜ் இருந்தால் பிளக்கை எடுங்கள். கேஸ் கீசரை அணையுங்கள். கம்ப்ரசரைக் கதவுக்கு வெளியே வையுங்கள். சாமி விளக்கும் சாம்பிராணித் தட்டும் அன்று கராஜ் பக்கம் வரக் கூடாது. வெள்ளிக்கிழமையாக இருந்தால் வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டில் பிராய் (நெருப்பில் இறைச்சி சுடுவது) போடுவார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் தூசியை நனைத்துக் கூட்டுங்கள்.

அடிக்கும் முன் மறுபடி கிளீனர் இரண்டு துணி முறையில், பிறகு தூசியை ஒட்டி எடுக்கும் பிசுபிசுப்பான ஒட்டுத்துணியால் மெல்ல ஒரு துடைப்பு. வெறுங்கையால் பரப்பைத் தொடாதீர்கள். தலையில் தேங்காய் எண்ணெய் வைத்திருந்தால் தொப்பி போடுங்கள். ஒரு துளி வியர்வை பட்டாலும் அங்கே பெயின்ட் விலகிக் குழி விழும்.

பெயின்டும் தின்னரும் சமமாக, 1 லிட்டருக்கு 1 லிட்டர். வடிகட்டிக் கன்னில் ஊற்றுங்கள். டிரிகரை இழுத்த நிலையில் கன்னில் 2 பார் அழுத்தம். முதலில் அட்டையில் அடித்துப் பாருங்கள்: 20 செ.மீ. உயரத்துக்கு ஒரே சீரான நீள்வட்டம் வர வேண்டும். நடுவில் கனத்தால் பெயின்ட் அதிகம் அல்லது காற்று குறைவு. இரு முனையிலும் கனத்து நடுவில் மெலிந்தால் காற்று அதிகம்.

கன்னைப் பரப்பிலிருந்து 15 முதல் 20 செ.மீ. தள்ளி நேராகப் பிடியுங்கள். மணிக்கட்டைச் சுழற்றாமல் தோளிலிருந்து கை முழுவதும் நகர வேண்டும். பேனலுக்கு வெளியே டிரிகரை இழுத்து, உள்ளே ஓடி, மறுபக்கம் வெளியே போய் விட வேண்டும். ஒரு மீட்டர் நீளக் கதவைக் கடக்க மூன்று நொடி. ஒவ்வொரு வரியும் முந்தையதைப் பாதி மூட வேண்டும். கூரையில் தொடங்குங்கள், நடுக்கோட்டிலிருந்து உங்கள் பக்கம் வாருங்கள், பிறகு மறுபக்கம். அடுத்து ஒரு பின் மூலையில் தொடங்கிக் காரைச் சுற்றி வந்து அங்கேயே முடியுங்கள். குழாய் பெயின்டில் உரசாமல் தோள் மேல் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் கோட் மெல்லியதாக, அடியில் உள்ளது தெரியும்படி. 10, 15 நிமிடம் விட்டு இரண்டாவது, மூன்றாவது ஈரமாக. அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். மறுநாள் 800 நம்பர் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தூசி முனைகளை மட்டும் தட்டி, துடைத்து, ஓரங்களில் காற்றைப் பீய்ச்சி, ஒரு மணி நேரமாவது நன்றாகக் காய விட்டு மேலும் மூன்று கோட். மொத்தம் ஆறு. அதற்கு மேல் கனமானால் லாக்கர் சில வருடத்தில் நுண்ணிய வெடிப்பு விடும். கடைசிக் கோட் முடிந்து அரை மணிக்குள் டேப்பைப் பின்பக்கமாக மடித்து மெதுவாக இழுங்கள். முழுதாக இறுகிய பின் இழுத்தால் ஓரம் பிய்ந்து வரும்.

பிசகினால்

பால் போல் வெளுத்தால் நிறுத்துங்கள். அது மேலே படிந்த ஈரம். வெள்ளையில் நிறமாகத் தெரியாது. பளபளப்பு இல்லாமல் சுண்ணாம்பு போல் மங்குவதே அடையாளம். காற்று உலர்ந்ததும் தின்னரில் 10% ரிடார்டர் கலந்து ஒரு மெல்லிய கோட் அடித்தால், மேல் படலம் மறுபடி இளகி ஈரம் வெளியேறும். ரிடார்டரை 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் நாள் கணக்கில் இறுகாது.

சிறு வட்டக் குழிகள் என்றால் எண்ணெய் அல்லது சிலிக்கோன். மேலே மேலே அடித்து மூடப் பார்க்காதீர்கள், மூடாது. காய விட்டு, தேய்த்து, கிளீனரால் துடைத்து அந்தப் பேனலை மறுபடி தொடங்குங்கள். குழியின் நடுவில் ஈரத்துளி தெரிந்தால் அது கம்ப்ரசர் தண்ணீர், டிராப்பைப் பாருங்கள்.

ஆரஞ்சுத் தோல் போல் சொரசொரப்பாக வந்தால் தின்னர் குறைவு, அல்லது கன் தூரம், அல்லது வெயிலில் சூடான தகடு. வழிந்துவிட்டால் ஈரத்தில் தொடாதீர்கள். இரண்டு நாள் கழித்துச் சின்னக் கட்டையில் 800 சுற்றி வழிசலை மட்டும் தேய்த்து எடுக்கலாம். பட்டி வைத்த இடத்தைச் சுற்றி வளையம் தெரிந்தால், பட்டி ஓரத்தை 240க்குப் போகாமல் 80 கீறலிலேயே மூடியிருக்கிறீர்கள்; தின்னர் ஆவியாக ஆவியாகப் பெயின்ட் அந்தக் கீறலுக்குள் இறங்கியிருக்கிறது. திரும்பவும் சர்ஃபேசரிலிருந்துதான் சரிசெய்ய வேண்டும்.

காய்ந்த பிறகு

இரண்டு வாரம் பொறுங்கள். விரல் நகம் பதியாத அளவு இறுகிய பின் 1500, பிறகு 2000 நம்பர் தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தட்டையான பரப்பைத் தேயுங்கள். சொரசொரப்பு போனதும் நிறுத்துங்கள். ஓரங்களிலும் மடிப்புகளிலும் பெயின்ட் மெல்லியதாக இருக்கும், அங்கே டேப் ஒட்டிவிட்டுத் தேய்த்தால் பிரைமர் வரை போகாது. பிறகு காம்பவுண்ட் (தேய்க்கும் விழுது), பிறகு மெல்லிய பாலிஷ், இரண்டிலும் சிலிக்கோன் இல்லாதது. கூரையிலும் பானெட்டிலும் மெஷினை ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள், சூட்டில் லாக்கர் இளகி இழுபடும். மெழுகு இரண்டு மாதம் கழித்து; அதுவரை மிச்சத் தின்னர் வெளியேற வழி வேண்டும். பறவை எச்சத்தை அன்றன்றே தண்ணீரால் கழுவுங்கள்.

மிஞ்சிய பெயின்டில் கால் லிட்டரைத் தின்னர் கலக்காமல் கண்ணாடிப் பாட்டிலில் நிரம்ப ஊற்றி, நிறக் குறியீட்டு எண்ணும் தேதியும் எழுதி வையுங்கள். கல் பட்டுத் தெறிக்கும் இடத்தை அன்றைக்கே தொட்டுவைத்தால் துரு அங்கே தொடங்காது. மீதித் தின்னரை மழைநீர் வடிகாலில் ஊற்றாதீர்கள். மூடிய டின்னில் வைத்து ஆபத்தான கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

கழற்றியதை மாட்டும்போது, கதவுகளின் அடி ஓரத்தில் உள்ள வடிகால் துளைகளை ஒவ்வொன்றாகக் கம்பியால் குத்திப் பாருங்கள். டேப் துண்டோ பட்டியோ பெயின்டோ அடைத்திருந்தால் கண்ணாடி வழியாக இறங்கும் மழைநீர் கதவுக்குள்ளேயே தேங்கும். துளைகளைத் திறந்த பின், உள் அறைகளுக்குத் துரு தடுக்கும் மெழுகை நீளக் குழல் முனையால் பீய்ச்சி, அது வடிந்து முடியும் வரை கதவைத் திறந்து வையுங்கள்.